மெட்டல் வால்வு வைத்தவர்கள் கீரையை விட்டுவிட வேண்டுமா?

இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றி மெட்டல் வால்வு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது கீரையைத் தொடாதே என்பதுதான். நாம் ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையின் வேலையைக் கீரையில் இருக்கும் வைட்டமின் கே குறைக்கும், சரி. ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாகக் கிடையாது என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, தாறுமாறாக ஏறி இறங்கும். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக ஐஎன்ஆர் 2.5 முதல் 3.5 வரை இருக்கவேண்டும், உங்களுக்கான அளவை டாக்டரிடம் கேட்டு ரிப்போர்ட் ஃபைலின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அப்புறம், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே போடாதீர்கள், உள்ளே ரத்தக்கசிவு வரலாம். பல் பிடுங்கப் போனால் உட்கார்ந்ததுமே வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள், கிருமி வால்வில் போய் ஒட்டாமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள், அதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.