நெல்லைச் சீமையில் விருந்துண்டு வழக்கமான உணவுக்குத் திரும்புவது எப்படி?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும் நெல்லைக்கும் போகிறவர்களில் பலர், மாதக்கணக்கில் காத்துவந்த உணவுக் கட்டுப்பாட்டை அந்த நான்கைந்து நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். நெய்யையும் தேங்காய்ப்பாலையும் தள்ளிவைத்துவிட்டுத் திரும்புவதும் வீண், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கித் தின்பதும் வீண் என்பதே என் கருத்து. அந்த மண்ணில் மட்டும் கிடைப்பதை ஆசைதீரச் சாப்பிடுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கும் பப்ஸ், ஃபிரைடு ரைஸ், பாட்டில் குளிர்பானம் ஆகியவற்றை அந்த நாட்களில் தொடாதீர்கள்.

அல்வாவிலிருந்து தொடங்குவோம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரை, நெய் ஆகிய மூன்றும்தான் அதன் சரக்கு என்பதால் அளவு மீறினால் உடம்புக்குப் பாரம்தான். ஆனால் நெல்லையப்பர் கோவில் எதிரே மாலையில் மட்டும் வியாபாரம் நடக்கும் இருட்டுக்கடையில், நின்ற இடத்திலேயே சூடாக வாங்கி, இலையின் ஓரத்தில் நெய் கசிந்து விரல் வழுக்க வழுக்க உண்ணும் அல்வாவும், ஆறி இறுகிப் பெட்டியில் கிடக்கும் அல்வாவும் ஒன்றல்ல. இருவராகப் போனால் நூறு கிராம் வாங்கிப் பகிர்ந்துகொள்வது சரியான அளவு. வீடு திரும்பியபின் கூடத்தில் திறந்து கிடந்து, போகும்போதும் வரும்போதும் ஒரு விள்ளல் பிய்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு கிலோ பெட்டிதான், கடையில் தின்ற அம்பது கிராமைவிட ஆளைக் கெடுக்கிறது. ஆகவே பார்சலைக் கால் கிலோ பொட்டலங்களாகவே கட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த அன்றே அவற்றை அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் பங்கிட்டுவிடலாம்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டரின் பரோட்டாவுக்கு வேறு தந்திரம் வேண்டும். அருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்குப் பசி கண்ணை மறைக்கும். அந்த நிலையில் கடையில் உட்கார்ந்தால் தேவையைப்போல் இருமடங்கு சொல்லிவிடுவீர்கள். குளித்துக் கரையேறியதும் இரண்டு வாழைப்பழமோ ஒரு கை அவித்த கடலையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே பரோட்டா சிறியது, மொறுமொறுவென்று இருக்கும்; பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் எத்தனை உள்ளே போனது என்ற கணக்கே தெரியாது. எனவே முதலிலேயே எண்ணிச் சொல்லி, வயிற்றில் மீதி இடத்தை நாட்டுக்கோழிக்கும் காடைக்கும் விட்டுவிடுவது நல்லது. மைதா எங்கும் கிடைக்கும். அந்த மிளகுக் காரம் எங்கும் கிடைக்காது.

சொதி கிடைத்தால் விடாதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் பரிமாறப்படும் இந்தக் குழம்பில் மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்கள் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, கடைசியில் முதற்பால் விழுகிறது. புளி கிடையாது, இறக்கியபின் எலுமிச்சைச் சாறுதான். கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பது நம் முன்னோர் கண்ட முறை. தேங்காய்ப்பாலின் கனத்தை அதுதான் வெட்டுகிறது என்பதால் அதை இலையோரத்தில் ஒதுக்காமல் சோற்றோடு சேர்த்து உண்ணுங்கள்.

நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் விருந்து என்று வகுத்துக்கொண்டால் மற்ற வேளைகள் தாமாகவே எளிதாகும். மதியம் சொதிச் சோறு என்றால் காலையில் இரண்டு இட்லி, இரவில் மோரும் பழமும் போதும். விருந்து முடிந்ததும் அறையில் சாயாமல் கால் மணி நேரம் நடந்தால் இரத்தச் சர்க்கரை திடீரென ஏறுவது குறையும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், விருந்துக்கு ஈடுகட்டுவதாக எண்ணி வேறொரு வேளையைப் பட்டினி போடக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அவர்கள் புறப்படும் முன்பே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஊர் திரும்பிய மறுநாள் எடைபார்க்கும் கருவியில் ஏறாதீர்கள். ஒரு கிலோ கொழுப்புச் சேர, செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நான்கு நாளில் கூடியதாகத் தெரியும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி, உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் பிடித்துவைத்த நீர்தான். அதைப் பார்த்துப் பதறி மூன்று நாள் பட்டினி கிடப்பவர்கள் நான்காம் நாள் பிரியாணிக் கடையில் நிற்பார்கள். அடுத்த வேளையிலிருந்தே வழக்கமான சாப்பாட்டைத் தொடங்குவதுதான் முறை: முருங்கைக்கீரைப் பொரியல், சிறுபயறு, கொள்ளு ரசம், எப்போதும் உண்ணும் அளவுச் சோறு. நெல்லை வாசம் நாக்கிலேயே நிற்கிறதென்றால், தேங்காயைப் பாதியாகக் குறைத்துக் காய்களைக் கூட்டி அவியல் வையுங்கள். ஒரு வாரம் இப்படி உண்டபின், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். அந்த எண்ணைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.