நல்ல நாள்லயும் கெட்ட நாள்லயும் ஸ்தோத்திரம் சொல்லிப் பழகுறது எப்படி

நம்ம சபை ஆளுங்க வாயில ஸ்தோத்திரம், அதாவது ஆண்டவருக்கு நன்றிங்கிறது ரொம்ப சகஜமா வரும், போன் எடுத்தா ஸ்தோத்திரம், பாஸ்டரப் பாத்தா ஸ்தோத்திரம், தும்மினாக்கூட ஸ்தோத்திரம். ஆனா இன்னைக்கு எதுக்குய்யா ஸ்தோத்திரம் சொன்னீங்கன்னு கேட்டா பாதி பேர் முழிப்போம். அதனால முதல்ல இத பண்ணுங்க: ராத்திரி குடும்ப ஜெபத்துல "இம்மட்டும் நடத்தின கிருபைக்காக ஸ்தோத்திரம்"னு ஒரே வரியில முடிச்சிட்டு எந்திரிக்காம, அன்னைக்கு நடந்த ஒன்ன சொல்லி நன்றி சொல்லுங்க. கேஸ் தீந்து நின்னப்ப பக்கத்து வீட்டு அக்கா சிலிண்டர் குடுத்தாங்கள்ல, அதச் சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க இதுல நம்மள விட கெட்டி, "மேக்ஸ் மிஸ் இன்னைக்கு லீவு, நன்றி ஆண்டவரே"ன்னு ஜெபிக்கும், தயவுசெஞ்சு அதட்டாதீங்க, அது கரெக்டாத்தான் பண்ணுது.

நல்ல காலத்துலதான் இது கஷ்டம்னு நான் சொல்லுவேன். பைபிள்ல உபாகமம் 8ம் அதிகாரம் வாசிச்சுப் பாருங்க, சாப்பிட்டு திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு வெள்ளி பொன்னெல்லாம் பெருகுற நேரத்துலதான் மறந்துடாதேன்னு எச்சரிக்கை வருது. நாமளும் அப்படித்தானே, பையனுக்கு விசா வர்ற வரைக்கும் உபவாசம், முழு இரவு ஜெபம், வந்த அடுத்த ஞாயிறு ஸ்தோத்திர காணிக்கை கவர் ஒன்னு, அதோட கணக்கு முடிஞ்சுது. இதுக்கு ஒரு சாதாரண நோட்டு போதும். இடது பக்கம் என்ன கேட்டு ஜெபிக்கிறோம்னு தேதியோட எழுதணும், வலது பக்கத்த காலியா விடணும், பதில் வந்த அன்னைக்கே அங்க எழுதிடணும், நாளைக்குன்னா மறந்துரும். தீர்க்கதரிசி சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவுல கல்ல நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் உதவினார்னு சொல்லி எபெனேசர்னு பேர் வச்சதும் பாக்குற ஜனங்களுக்கு ஞாபகம் வரணும்னுதான். நம்ம தெருவுல நாலு வீட்டுக்கு எபெனேசர் இல்லம்னு பேர் இருக்கு, எதுக்குன்னு அந்த வீட்டுப் பேரப்புள்ளைங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.

விளைச்சலுக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், தேங்கா, கோழி எல்லாம் சர்ச்சுக்கு வரும், ஏலத்துல ஒரு பூசணிக்கா கடைவிலைய விட பல மடங்குக்குப் போகும், எடுத்தவரே திருப்பிக் குடுத்து மறுபடி ஏலம் போகும். வயல் இல்லாத நாம, ஓவர்டைம் காசுல ஒரு பங்கு, வீட்டு மாடியில காச்ச முதல் முருங்கக்கா, இப்படி கைக்கு வந்ததுல இருந்து கொண்டு போகலாம்.

இப்ப கெட்ட காலம். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு 1 தெசலோனிக்கேயர் 5:18ல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அத எடுத்துட்டுப் போய் துக்க வீட்டுல, புள்ளைய பறிகுடுத்த அம்மாகிட்ட சொல்றவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வருது. புள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராப்பகலா பேசாம தரையில உக்காந்திருந்தாங்களே, அந்த மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயத் திறந்தப்புறம்தான் வம்பு. துக்க வீட்டுக்குப் போனா பிளாஸ்க்ல டீ கொண்டு போங்க, வசனத்த அப்புறம் பாத்துக்கலாம்.

கஷ்டம் நமக்கே வந்தா, முதல்ல முறையிடுங்க, மறைக்காம. 13ம் சங்கீதம் மொத்தமே 6 வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு ஆரம்பிச்சு, கடைசி வசனத்துலதான் பாட்டுக்கு வருது. 88ம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டுலயே முடியுது, அதுவும் வேதத்துலதான் இருக்கு. அதனால நன்றி வரலன்னா இன்னைக்கு வரலன்னே ஆண்டவர்கிட்ட சொல்லிடுங்க, சும்மா சிரிச்சுக்கிட்டு அல்லேலூயா போட வேண்டாம். சபைக்குப் போய் உக்காருங்க, நம்மால பாட முடியலன்னா பக்கத்துல இருக்கவங்க பாடட்டும். மாசக்கணக்குல தூக்கமே வராம எதுலயும் மனசு ஒட்டாம இருந்தா டாக்டரப் பாருங்க, அது விசுவாசக் குறைச்சல் இல்ல.

கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சா, இந்தக் கஷ்டத்துக்குள்ள யார் வந்து நின்னாங்கன்னு பாருங்க. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செமீ மழை பெஞ்சு தூத்துக்குடி, நெல்லை பக்கம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால வீடெல்லாம் தண்ணி. வெள்ளத்துக்காக யாரும் நன்றி சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டப்ப பக்கத்து ஊர் ஜனங்க சோறு ஆக்கிப் போட்டாங்கல்ல, சோறு போட்டவங்களும் தின்னவங்களும் என்ன மதம்னு யாரும் பாக்கலையே, அதுக்கு சொல்லலாம். லூக்கா 17ல பத்து குஷ்டரோகிங்க சுகமானாங்க, இயேசுவுக்கு நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒரே ஆளு சமாரியன், வேத்து ஜனம். அதனால ஆண்டவருக்கு சொல்ற கையோட அந்த மனுஷங்களுக்கும் போன் போட்டு சொல்லிடுங்க, இது நம்மள்ல பல பேர் விடுற எடம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு அந்த நோட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. சாட்சி சொல்ல மைக் வந்தா அதப் பாத்து ஒன்னே ஒன்னு சொல்லுங்க, எந்த மாசம், என்ன நடந்துச்சு, யார் உதவினாங்க, அவ்வளவுதான், ரெண்டு நிமிஷத்துல குடுத்துருங்க, பின்னால வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க, பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள பாஸ்டர் ஜெபத்தையும் முடிக்கணும்.