மினிமலிச இசையைக் கேட்கப் பழகுவது எப்படி? முதலில் கையைத் தட்டுங்கள்

பல்லவி, சரணம், நடுவில் ஒரு வயலின் கூட்டம் என்று பழகிய காதுக்கு, சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மாற்றிக்கொண்டே போகும் மினிமலிச இசை முதல் தடவை நகராமல் நிற்கிற மாதிரிதான் தெரியும். ரெண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர். உள்ளே என்னவோ நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதற்கு ஹெட்போனைவிட முதலில் வேண்டியது உங்கள் இரண்டு கைகள், அப்புறம் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ.

1. தட்டுங்கள்

"தா" என்றால் தட்டு, கோடு என்றால் ஓர் எண்ணிக்கை விடு. மொத்தம் 12.

தா தா தா – தா தா – தா – தா தா –

இது சரளமாக வரும்வரை தனியாகத் தட்டுங்கள். பிறகு காலால் மூன்று மூன்றாகத் தாளம் போடுங்கள்: கால் விழும் நான்கு இடங்களில் இரண்டில் கை சும்மா இருக்கும். அடுத்து அதே தட்டலுக்கு நான்கு நான்காகப் போடுங்கள்: மூன்று இடங்களில் இரண்டில் கையும் காலும் சேர்ந்து விழும். தட்டல் ஒன்றுதான், ஆனால் திஸ்ரத்தில் ஒரு மாதிரியும் சதுஸ்ரத்தில் வேறு மாதிரியும் கேட்கும். மிருதங்கம் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும்.

2. ஓர் எண்ணிக்கை நகருங்கள்

தம்பி மாறாமல் அதையே தட்டிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் முதல் தட்டை எடுத்துக் கடைசியில் போடுங்கள்.

தா தா – தா தா – தா – தா தா – தா

இருவர் தட்டலையும் சேர்த்துக் கேளுங்கள். தனித்தனியாகத் தட்டியபோது இருந்த இடைவெளி ஒன்றுகூட இப்போது இல்லை, அவன் விட்ட இடத்தை எல்லாம் நீங்கள் நிரப்புகிறீர்கள், நீங்கள் விட்ட இடத்தை அவன் நிரப்புகிறான், யாருமே தட்டாத ஒரு புதிய தாளம் அறையில் ஓடுகிறது. எனக்கு இந்த இசையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

நீங்கள் தட்டியது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்'. ஒருவர் நிலையாக நிற்க, மற்றவர் இப்படியே ஒவ்வொன்றாக நகர்ந்து 12வது நகர்வில் மறுபடி வந்து சேருவார். யூடியூபில் தேடிப் போட்டு, முதல் தடவை நகர்கிறவரை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை இருவரும் சேர்ந்து உண்டாக்குவதைக் கேளுங்கள்.

3. மெதுவாக விலகுவதைக் கேளுங்கள்

ஆடி மாதம் நம் பக்கம் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் ஒரு கூம்பு ஸ்பீக்கர், கோவிலருகே இன்னொன்று கட்டியிருப்பார்கள். ஒரே பாட்டு இரண்டிலிருந்தும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும், நடக்க நடக்க அந்த விலகல் மாறும். ரைஷ் 1965இல் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை இரண்டு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டபோது, அவை மெல்ல மெல்ல விலகிப்போவதைக் கேட்டுத்தான் தன் வழியைக் கண்டுபிடித்தார். அதையே 1967இல் மனிதர்கள் வாசிக்க எழுதியது 'பியானோ ஃபேஸ்'. இரண்டு பியானோ, 12 ஸ்வரத் துணுக்கு. ஒருவர் மயிரிழை வேகம் கூட்டுவார். கொஞ்ச நேரம் எல்லாம் குழம்பும். பயப்படாதீர்கள், புதிய இடத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு விழும் நொடிக்காகக் காத்திருங்கள்.

4. ஒரு கட்டை ஷட்ஜத்தில் 'இன் சி'

இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964இல் எழுதியது. மொத்தம் 53 சிறு துணுக்குகள். வாசிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு துணுக்கை விருப்பம்போல எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், ஆனால் கூட்டத்தைவிட்டு ரொம்ப முந்தவோ பிந்தவோ கூடாது. அதனால் ஒரு கச்சேரி மாதிரி இன்னொன்று இருக்காது. அவர்களுடைய சி நமக்கு ஒரு கட்டை. சுருதிப் பெட்டி இருந்தால் ஒரு கட்டை வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தொடக்கத்தில் சுத்த மத்திமம் (தாழ்ந்த 'ம') வரும், போகப் போகப் பிரதி மத்திமம் (உயர்ந்த 'ம') நுழையும், கடைசிப் பகுதியில் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி'). ராகம் கேட்டுப் பழகியவர்கள் இந்த மூன்று வாசல்களையும் பிடித்துவிட்டால் நீளம் ஒரு பாரமாகவே தெரியாது.

5. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

ரைஷின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்', 1976. பதினொரு கார்டுகள்தான் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அடித்தளம். நடத்துநர் கிடையாது, வைப்ரபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஒலித்தால் அடுத்த மாற்றம் வருகிறது என்று அர்த்தம். குரல்களும் கிளாரினெட்டுகளும் ஒரு மூச்சு தாங்கும் வரை ஒலித்து அடங்கும். அந்த மூச்சைப் பின்தொடருங்கள்.

தயவுசெய்து இதைக் காட்பாடியிலிருந்து ரயில் ஏறிய பிறகு போடாதீர்கள், கீழ் ஸ்தாயி முழுவதையும் வண்டிச் சத்தம் தின்றுவிடும். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் நுணுக்கமெல்லாம் போய்விடும். ஆகவே விடியற்காலையில் மொட்டைமாடிதான் சரியான இடம். படிக்கும்போது பின்னணியில் ஓடவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பழகிய பிறகு செய்யுங்கள், முதல் சில தடவை வேண்டாம்.

6. அப்புறம் பிலிப் கிளாஸ்

இந்த அமெரிக்க இசையமைப்பாளர் 1960களில் பாரிஸில் சிதார் கலைஞர் ரவிசங்கரிடம் வேலை செய்தவர். அங்கேதான் சின்னச் சின்ன எண்ணிக்கைகளைச் சேர்த்துச் சேர்த்துத் தாளம் வளர்க்கும் முறை அவரைப் பிடித்துக்கொண்டது. நமக்கு இது கூடும்போது ஸ்ரோதோவக யதியாகவும், குறையும்போது கோபுச்ச யதியாகவும் தெரிந்த சங்கதிதான். அவருடைய ஆரம்பகாலப் படைப்புகளில் தகிட, தகதிமி என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே கேட்டால் எங்கே ஒன்று கூடியது, எங்கே குறைந்தது என்று பிடிபடும். காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ஓபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) 'சத்தியாகிரஹா' 1980இல் அரங்கேறியது. பாடுவதெல்லாம் பகவத்கீதை வரிகள், சமஸ்கிருதத்திலேயே. அதை ஒரேயடியாக முழுசாகப் போட வேண்டாம், கடைசிக் காட்சியில் காந்தி தனியாகப் பாடுவதிலிருந்து தொடங்குங்கள்: ஏறுமுகமாக ஒரே ஒரு வரி, திரும்பத் திரும்ப வரும், கீழே வாத்தியங்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.