டி. ரெக்ஸும் ஜிகனோட்டோசாரஸும் மோதினால் எது ஜெயிக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். தக்கலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, டி. ரெக்ஸும் ஜிகனோட்டோசாரஸும் சண்ட போட்டா எது ஜெயிக்கும்?" என்று கேட்டான். இரண்டுமே பெரிய ஊனுண்ணி டைனோசர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். முதல் தடவை வந்த விடை தப்பு. எங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அளவு நாடா, 15 மீட்டர் நைலான் கயிறு இரண்டு. இவ்வளவு போதும். செயலி எதுவும் வேண்டாம். நோட்டில் கையால் எழுதினால்தான் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவைக்கத் தோன்றும்.

முதல் படி: எந்த எலும்புக்கூடு?

"டி. ரெக்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதில் குட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு. நாங்கள் எடுத்தது கனடாவின் சஸ்காச்சுவானில் 1991இல் கிடைத்த "ஸ்காட்டி". நீளம் சுமார் 13 மீட்டர். எதிர்ப்பக்கம், அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் 1993இல் ரூபன் கரோலினி கண்டுபிடித்த ஜிகனோட்டோசாரஸ். 1995இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் சொன்ன நீளம் 12.5 மீட்டர்.

இரண்டும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கண்டம் வேறு, காலமும் வேறு. நடுவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டு இடைவெளி. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: நீளத்தைக் கண்ணால் பார்ப்பது

முட்டம் கடற்கரையில் ஈர மணல்மேல் இரண்டு கயிற்றையும் அந்தந்த நீளத்துக்கு அளந்து பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவன். அலைச் சத்தத்தில் அவன் கத்தியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு நீளம்! ஆனால் இரண்டு கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர்தான். நீளத்தை வைத்து இந்தச் சண்டையை முடிக்க முடியாது.

மூன்றாம் படி: எடை. நாங்கள் சறுக்கியது இங்கேதான்

ஸ்காட்டிக்கு 8,870 கிலோ என்று 2019 ஆய்வு சொல்கிறது. ஜிகனோட்டோசாரஸுக்கு 2007 ஆய்வு ஒன்றிலிருந்து 13.8 டன் என்று எழுதினோம். பையன் துள்ளிக் குதித்தான், சண்டை முடிந்துவிட்டது என்று. எனக்கு இடித்தது. நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது எடை மட்டும் எப்படி ஒன்றரை மடங்கு ஆகும்?

மறுபடி படித்துப் பார்த்தால், ஸ்காட்டியின் எடை தொடை எலும்பின் சுற்றளவிலிருந்து வந்தது. 13.8 டன் வந்தது மண்டையோட்டின் நீளத்திலிருந்து. அந்த மண்டையோடோ முழுசாகக் கிடைக்கவில்லை, விட்டுப்போன பகுதியை ஊகித்துத்தான் நீளம் சொல்கிறார்கள். ஒரு நெய்மீனை முழுசாகவும் இன்னொன்றைத் தலையும் குடலும் எடுத்த பிறகும் தராசில் வைத்துவிட்டு, இதுதான் பெரிசு என்றால் குளச்சல் சந்தையில் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் முறையையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே முறை இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். 2019 ஆய்வு மற்ற பெரிய ஊனுண்ணிகளையும் தொடை எலும்பை வைத்தே ஒப்பிட்டு, ஸ்காட்டியே கனமானது என்றது. ஜிகனோட்டோசாரஸுக்கு 1995இல் சொன்ன 6 முதல் 8 டன் என்பதும் அதோடு ஒத்துப்போகிறது. நாங்கள் நடுவில் 7 டன் வைத்துக்கொண்டோம்.

நான்காம் படி: பல்

டி. ரெக்ஸின் பல் நம்மூர் ஏத்தங்காய் மாதிரி தடித்து உருண்டது. பெரிய பல் வேரோடு சேர்த்து ஒரு அடிக்குக் கிட்ட வரும். ஜிகனோட்டோசாரஸின் பல் தட்டையானது, ஓரத்தில் ரம்பம்போல் நுண்ணிய வெட்டுகள். தூத்தூர் பக்கம் சுறாப் பிடிக்கப் போகிறவர்கள் வீட்டில் சுறாப்பல் இருந்தால் கேட்டு வாங்கி, ஓரத்தில் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்படும். ஜிகனோட்டோசாரஸின் குடும்பத்துக்கே வெள்ளைச் சுறாவை ஒட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று எலும்பை நொறுக்கும் வாய், மற்றது சதையைக் கிழிக்கும் வாய். சஸ்காச்சுவானில் கிடைத்த, டி. ரெக்ஸுடையது என்று கருதப்படும் கல்லாகிப்போன சாணத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைந்திருந்தன. 1998இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கண்ணையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். டி. ரெக்ஸின் கண்கள் முன்னோக்கிப் பார்ப்பவை. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைக் கணிக்க அது உதவும்.

என் தீர்ப்பு டி. ரெக்ஸ் பக்கம். ஜிகனோட்டோசாரஸ் ஜெயிக்க வேண்டுமென்றால் கடித்துக் கிழித்துவிட்டு விலகி, ரத்தம் வடியக் காத்திருக்க வேண்டும். டி. ரெக்ஸுக்குக் கழுத்தில் ஒரு கடி சரியாக விழுந்தால் போதும்.

பின்சேர்க்கை

ஜிகனோட்டோசாரஸின் இன்னொரு தாடை எலும்பு கிடைத்திருக்கிறதே, அதைச் சேர்க்கவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1998இல் அதை விவரித்தவர்கள், முதலாவதைவிட 8 சதவீதம் பெரியது என்றார்கள். 8 சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாது. நீளம் கூடினால் அகலமும் உயரமும் சேர்ந்தே கூடும். அதனால் 1.08ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 1.26 வரும். 7 டன் 8.8 டன்னாகிவிடும், ஸ்காட்டிக்குச் சமம்.

எடை வரியில் இப்போது "சமம்" என்று திருத்தியிருக்கிறேன். பல் வரியில் கை வைக்கவில்லை, தீர்ப்பிலும் மாற்றமில்லை. பையன் மட்டும் இன்னும் ஜிகனோட்டோசாரஸ் கட்சிதான்.