கப்பல் ஏறும் போர்வை: முதல் முடிச்சுப் போர்வையைத் தைப்பது எப்படி?

192 சதுரத் துணிகள், 165 முடிச்சுகள், நீளமான ஒரு மேசை, கொஞ்சம் பொறுமை. ஒரு போர்வைக்கு இவ்வளவுதான் வேண்டும். தையல் மெஷினில் நேராக ஒரு கோடு தைக்கத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாது என்றால் முடிச்சுப் போட வாருங்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் குறைவு.

கனடாவில் கம்ஃபர்ட்டர் என்று சொல்லும் முடிச்சுப் போர்வையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து நூலால் ஆங்காங்கே முடிச்சுப் போட்டால் போர்வை தயார். குயில்ட் இதன் பணக்கார அக்கா. அதில் மூன்று அடுக்கையும் பொடித் தையலால், பூவும் இலையுமாக, மாதக்கணக்கில் கையால் தைப்பார்கள். ஒன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில் 1967இல் தொடங்கிய மெனனைட் நிவாரணச் சந்தையில் அந்தக் குயில்ட்டுகள் ஏலத்துக்குப் போகும், வரும் காசு நிவாரணத்துக்குப் போகும். முடிச்சுப் போர்வை பொதுவாக ஏலத்துக்குப் போவதில்லை. அதுவே கப்பல் ஏறுகிறது.

அனுப்புவது மெனனைட் சென்ட்ரல் கமிட்டி, சுருக்கமாக எம்.சி.சி. (சென்னைக்காரர்கள் தாம்பரத்துக் கல்லூரியை நினைத்துவிட வேண்டாம்.) மெனனைட்டுகள் ஆயுதம் எடுக்க மறுக்கும் கிறிஸ்தவர்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து நாடு நாடாக அலைந்தவர்கள். ஒன்டாரியோவின் கிச்சனர் நகர்ப் பக்கம் குதிரை வண்டியில் போகிறவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர்தான், மற்றவர்கள் நம்மைப்போல் கார் ஓட்டுகிறார்கள். ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு, இன்று உக்ரைன் என்று சொல்லும் பகுதியில் இருந்த அவர்களுடைய உறவுகள் பட்டினியில் வாடினார்கள். 1920 ஜூலையில் அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் அங்குள்ள மெனனைட்டுகள் கூடி இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1922இல் சமையற்கூடங்கள் திறந்து, உச்சக் கட்டத்தில் ஒரு நாளைக்கு 25,000 பேருக்கு உணவு கொடுத்தார்கள். அங்கே உழவுக் குதிரைகள் போரிலும் பஞ்சத்திலும் அழிந்துபோயிருந்தன. அடுத்த விதைப்புக்கு எதை வைத்து உழுவது? 50 ஃபோர்ட்சன் டிராக்டர்களைக் கப்பலில் அனுப்பினார்கள். நிவாரணத்துக்கும் அபிவிருத்திக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கஞ்சி நிவாரணம், டிராக்டர் அபிவிருத்தி.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: தைக்கும் முன் கேளுங்கள்

பக்கத்தில் உள்ள எம்.சி.சி. பொருள் சேகரிப்பு நிலையத்தைக் கூப்பிட்டு, இப்போது என்ன தேவை என்று கேளுங்கள். போர்வையா, பள்ளிக்கூடப் பையா, சோப்பும் துவாயும் அடைத்த வாளியா என்று அவர்களே சொல்வார்கள். நம் வீட்டில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்பதை வைத்துத் தொடங்கினால், நிவாரணம் நம் அலுமாரியைக் காலி செய்யும் வேலையாகிவிடும். நான் ஒருமுறை இரண்டு பை நிறையக் குழந்தை உடுப்புகளோடு போய் நின்று, அப்படியே திரும்பி வந்தவன்.

போர்வைக்கு வழக்கமான அளவு 60 அங்குலத்துக்கு 80 அங்குலம். ஒரு பெரியவர் காலை நீட்டிப் படுக்கலாம், அல்லது இரண்டு பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு படுக்கலாம்.

படி 2: துணி

பருத்தி, அல்லது பருத்தி கலந்த துணி. எல்லாம் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கட்டும். ஜீன்ஸ் துண்டையும் மெல்லிய சட்டைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நாலைந்து தடவை துவைத்ததும் கனமானது மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும். அடித்துணிக்குக் கிழியாத, சாயம் போகாத பெரிய கட்டில் விரிப்பு ஒன்று போதும். நான் அதை எம்.சி.சி.யின் பழைய பொருள் கடையில்தான் வாங்குகிறேன். முதல் கடையை 1972இல் மானிட்டோபாவின் ஆல்டோனா என்ற சிற்றூரில் சில பெண்கள் சேர்ந்து திறந்தார்கள். அங்கே வாங்கினால் நம் காசும் நிவாரணத்துக்கே போய்ச் சேரும். துணியை வெட்டும் முன் ஒருமுறை துவைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது எல்லாம் இங்கேயே சுருங்கட்டும்.

நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும். கடும் நீலம், மெரூன், இலைப் பச்சை மாதிரி. வெள்ளையும் இளமஞ்சளும் பார்க்க அழகு. ஆனால் குடிக்கவே தண்ணீர் வரிசையில் நிற்கிற முகாமில், அழுக்குக் காட்டும் போர்வையை எதைக் கொண்டு துவைப்பது?

அப்புறம், எங்கள் குழுவில் கண்டிப்பாகத் தவிர்ப்பவை: எந்த நாட்டுக் கொடியும், மதச் சின்னங்களும், ராணுவ உடுப்புப் போன்ற பச்சைப் புள்ளி அச்சும். புதிதாக வரும் கனடியர்கள் மூன்றாவது ஏன் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ சோதனைச் சாவடி தாண்டிப் போன எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. பச்சைப் புள்ளித் துணி ஒரு துண்டு வீட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

படி 3: வெட்டுதல்

ஐந்தரை அங்குலச் சதுரங்கள், 192. பீட்சா வெட்டுவது போன்ற சக்கரக் கத்தி, கண்ணாடி போன்ற அளவுகோல், வெட்டும் பாய் இருந்தால் ஒரு மாலையில் முடியும். கத்தரிக்கோலால் என்றால் இரண்டு மாலை, விரலும் வலிக்கும்.

படி 4: மேல் துணியைத் தைத்தல்

சதுரங்களைத் தரையில் அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16 என்று பரப்புங்கள். ஒரே நிறம் ஓரிடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள், மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே நாள் போய்விடும்.

எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். தைத்து முடித்தால் ஒவ்வொரு சதுரமும் ஐந்து அங்குலமாகும், 12 சேர்ந்து 60, 16 சேர்ந்து 80. கணக்கு எளிது, ஆனால் அந்தக் கால் அங்குலம் கண்டிப்பாகக் கால் அங்குலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகத் தின்றால், கடைசிச் சதுரத்துக்கு வரும்போது நீளத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும். என்னுடைய முதல் போர்வை அப்படித்தான் ஒரு பக்கம் சரிந்து, இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டு, துணியின் விளிம்பை அதை ஒட்டியே ஓட்டினால் பிசகாது.

முதலில் 12 சதுரங்களை ஒரு வரிசையாகத் தையுங்கள், அப்படி 16 வரிசைகள். அயர்ன் பண்ணும்போது முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கம் சாயுங்கள், அடுத்த வரிசையில் இடப்பக்கம். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்புகள் எதிரெதிராக வந்து, பூட்டில் சாவி விழுந்த மாதிரி கச்சிதமாக நிற்கும். மூலைகள் தாமாகவே நேராகும்.

படி 5: மூன்று அடுக்கு

அடித்துணியை மேல் துணியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, தரையில் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக்கூடாது, அதற்காக முரசுத் தோல்போல் இழுக்கவும் வேண்டாம். அதன்மேல் பஞ்சு விரிப்பு. கடையில் பேட்டிங் என்று கேளுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு லேசாக இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும். அதன்மேல் தைத்த மேல் துணி.

பஞ்சு வைத்த பிறகு அயர்ன் பெட்டியைக் கிட்டே கொண்டு வராதீர்கள். சுருக்கம் ஒன்று தெரிகிறதே என்று நான் ஒரு தடவை தேய்த்தேன். உள்ளே பஞ்சு உருகி, அப்பளம்போல் தட்டையாகிவிட்டது.

நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்குக் குத்திக்கொண்டே வாருங்கள். குத்தும் முன் ஊக்குகளை எண்ணிக்கொள்ளுங்கள். 50 எடுத்தால் வேலை முடியும்போது 50உம் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கேயோ ஒரு குழந்தையின் முதுகுக்கு அடியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முடிச்சு

போர்வையின் உயிர் இங்கேதான். முடிச்சு நெருக்கமாக இல்லாவிட்டால் இரண்டு துவையலில் பஞ்சு முழுதும் ஒரு மூலையில் உருண்டுவிடும், மிஞ்சுவது வெறும் துணி. நாலைந்து அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலைகளில் போட்டால் ஐந்து அங்குலத்துக்கு ஒன்று, மொத்தம் 165. சதுரத்தின் நடுவில் போட்டால் 192. எண்ணிக்கை குறைகிறதே என்று மூலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பத்தாவது முடிச்சில் வருந்துவார்கள். அங்கே தையல் மடிப்புகள் குவிந்திருக்கும், ஊசி இறங்காது. ஊசியை இழுக்கக் குறடு தேடுவதைவிட, உடைந்த பலூன் துண்டு ஒன்றால் பிடித்து இழுங்கள். வழுக்காமல் வரும்.

நூல் குரோஷே நூலாகவோ அக்ரிலிக் கம்பளி நூலாகவோ இருக்கலாம், வழவழப்பானது மட்டும் வேண்டாம். காது பெரிய, முனை கூரான ஊசியில் நீளமாகக் கோத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து குத்தி மூன்று அடுக்கும் தாண்டி அடியில் போய், கால் அங்குலம் தள்ளி மேலே வாருங்கள். நூலை வெட்டாமல் அடுத்த இடத்துக்குப் போய் அதே மாதிரி ஒரு குத்து. ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு குத்துகளுக்கு நடுவில் ஓடும் நூலைச் சரிபாதியில் வெட்டினால் எல்லா இடத்திலும் இரண்டு வால்கள் நிற்கும். நூலைக் கொஞ்சம் தளர்வாக ஓடவிட்டால் வால் நீளமாகக் கிடைக்கும்.

இப்போது கட்டுங்கள். வலது வாலை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, இறுக்குங்கள். அடுத்து இடது வாலை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று, மறுபடி இறுக்குங்கள். இரண்டு தடவையும் வலதை இடதின் மேலேயே போட்டால் பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், ஆனால் நிற்காது. நான் முதல் நாளில் முப்பது முடிச்சுக்கு மேல் அப்படிப் போட்டேன். எங்கள் குழுவில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து, ஒன்றும் பேசாமல், கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி அவிழ்த்துக்கொண்டே போனார். கடைசியில் என் கையைப் பிடித்து ஒரே ஒரு முடிச்சு போட்டுக் காட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அது தவறியதில்லை.

வாலை ஓர் அங்குலத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். ஒட்ட வெட்டினால் அவிழும்.

நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை இது. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. பழைய சேலைகளை அடுக்கி அம்மம்மா தைத்த விரிப்பைப் பற்றி நான் சொன்னபோது, அந்த மேசையில் எல்லோரிடமும் அதே மாதிரி ஒரு பாட்டி கதை இருந்தது.

இடையில் ஒரு கேள்வி: பணமே அனுப்பலாமே?

நியாயமான கேள்வி. உணவைப் பொறுத்தவரை பதில் பெரும்பாலும் ஆம் என்பதுதான். எம்.சி.சி.யும் உறுப்பினராக இருக்கும் கனடியன் ஃபுட்கிரெயின்ஸ் பேங்க் என்ற உணவு உதவி அமைப்பு 1983இல் தொடங்கியபோது, கனடா விவசாயிகளின் கோதுமையையே கப்பலில் அனுப்பியது. இங்கிருந்து தானியம் போய்ச் சேர மாதங்களாகும், போகிற இடத்துச் சந்தை விலையையும் அது குலைக்கலாம். 2008இல் கனடா அரசு, உணவு உதவியை உள்நாட்டில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை முற்றாக எடுத்துவிட்டது. இப்போது தேவைப்படும் நாட்டிலோ பக்கத்து நாட்டிலோ வாங்கிக் கொடுக்க முடிகிறது.

போர்வைக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. அது கெட்டுப்போகாது, அழுத்திக் கட்டினால் கண்டெய்னரில் நிறையப் போகும், சிரியா, ஜோர்டான், உக்ரைன் போன்ற இடங்களில் குளிர்காலம் தவறாமல் வரும். தைப்பவர்களின் உழைப்புக்குக் கூலியும் இல்லை. ஆனால் துணி, பஞ்சு, நூல் எல்லாவற்றையும் புதிதாக, முழு விலைக்கு வாங்கித் தைக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் காசை நேரே நிவாரண நிதிக்குக் கொடுத்துவிடுங்கள். அதுதான் பிரயோசனம். எங்கள் குழுவில் இதைச் சொன்னால் இரண்டு பேர் என்னோடு கோபிப்பார்கள், பரவாயில்லை.

படி 7: ஓரம்

பஞ்சை மேல் துணியின் விளிம்போடு சமமாக வெட்டுங்கள். வெளியே நீட்டியிருக்கும் இரண்டு அங்குல அடித்துணியைப் பாதியாக மடித்து, மறுபடி மேல் துணிமேல் மடித்து, மெஷினில் ஓட்டுங்கள். மூலைகளில் இரண்டு தடவை ஓட்டுங்கள். பிள்ளைகள் போர்வையை மூலையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

ஒப்படைக்கும் முன்

போர்வையை விரித்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓர் அங்குலம் விடாமல் தடவுங்கள். ஊக்கு, ஊசி, விட்டுப்போன முடிச்சு எல்லாம் கைக்குத்தான் முதலில் தெரியும். பெயர், கடிதம், படம் எதுவும் உள்ளே வைக்காதீர்கள். வாங்குகிறவர் உங்களுக்கு நன்றி எழுதக் கடமைப்பட்டவர் அல்ல. மடித்து, துணிக் கீற்று ஒன்றால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டில் மிச்சமாகப் பத்துப் பதினைந்து சதுரங்கள் கிடக்கும். எறிய வேண்டாம், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த போர்வைக்கு 192இல் அத்தனை குறைவாக வெட்டினால் போதும்.