எவர்சில்வர் பீர் கெட்டிலுக்கு வெல்டிங் இல்லாமல் வடிகால் வால்வு பொருத்துவது

வீட்டில் ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பீர் காய்ச்சுகிறவர்களிடம் 30 முதல் 40 லிட்டர் கெட்டில் இருக்கும். கொதித்து இறக்கிய மால்ட் சாற்றோடு அதைத் தூக்கிச் சாய்ப்பது ஆபத்து. அடியோரம் ஒரு பால் (ball) வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட பந்து சுழன்று திறந்து மூடும் வால்வு இருந்தால் தூக்கவே வேண்டாம்.

அரை அங்குல பால் வால்வு, நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள சிறு குழாய்), லாக்நட், உள்பக்கத்துக்கு ஒரு வாஷர், வெளிப்பக்கத்துக்குப் பள்ளம் வெட்டிய நட், உணவுத் தர சிலிகான் ஓ-ரிங், டெஃப்லான் டேப். இவ்வளவுதான் சாமான். வால்வு மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மரையைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கக் கிட்கள் என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய் மரையில் வரும், இந்தியாவிலும் பிரிட்டனிலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் மற்றொன்று கொஞ்ச தூரம் ஏறும், பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. எத்தனை சுற்று டேப் போட்டாலும் அந்த ஜோடியை நம்ப முடியாது.

துளையின் மையம் அடியிலிருந்து 4 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதைவிடக் கீழே போனால் அடி வளைவில் வாஷர் முழுதாகப் படியாது. அளவு பெரும்பாலும் 22 மி.மீ.; கிட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே இறுதி.

ஒழுகுவதா இல்லையா என்பது துளையிடும்போதே முடிவாகிவிடுகிறது. சென்டர் பஞ்சால் குறி அடித்து, உள்பக்கம் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் பிட்டுக்கு மாறுங்கள். டிரில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட வேண்டும், அழுத்தம் பலமாக இருக்க வேண்டும், கட்டிங் ஆயில் அடிக்கடி விட வேண்டும். வேகத்தைக் கூட்டி மெதுவாக அழுத்தினால் பிட் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடத்தில் எவர்சில்வர் இறுகிப்போகும், அதன்பின் புதுப் பிட்டும் வழுக்கும். சுருள் சுருளாக உலோகம் வந்தால் சரியாகப் போகிறது. பொடியாக வந்தாலோ, சுருள் நீலம் பாய்ந்தாலோ நிறுத்தி ஆறவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

துளையின் இரு விளிம்பிலும் பிசிறை அரத்தால் எடுங்கள். விரல் ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. ஓ-ரிங்கை அறுப்பது இந்தப் பிசிறுதான். இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் அந்த இடம் துரு பிடிக்கும். ஆக்ஸாலிக் அமிலம் உள்ள பாத்திரப் பொடியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். குளோரின் பிளீச் எவர்சில்வரை அரிக்கும், வேண்டாம்.

நிப்பிளில் டேப்பை மரை ஏறும் திசையிலேயே நாலைந்து சுற்று சுற்றி, பள்ள நட்டை ஏற்றி, அதன் பள்ளத்தில் ஓ-ரிங்கை உட்காரவைத்து வெளியிலிருந்து நுழையுங்கள். உள்ளே வாஷர், லாக்நட். கையால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். ஒழுகுகிறதே என்று மேலும் முறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்துவிடும். கழற்றிப் பிசிறையும் ஓ-ரிங் படிந்திருப்பதையும் பாருங்கள்.

முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள், பிறகு கொதிக்கவைத்துப் பாருங்கள். சூட்டில் உலோகம் விரியும்போது மட்டும் ஒழுகும் இணைப்புகள் உண்டு. அடுப்புச் சுடர் பக்கச்சுவரில் ஏறினால் சிலிகான் கருகும். வால்வுக்குக் கீழே ஒரு தகடு மறைப்பு வையுங்கள்.

35 செ.மீ. அகலக் கெட்டிலில் வால்வு வாய்க்குக் கீழே 3 செ.மீ. ஆழம் நின்றாலே கிட்டத்தட்ட 3 லிட்டர் சாறு உள்ளே தங்கிவிடும். அதனால் உள்பக்கம் அடிநோக்கி வளைந்த டிப் டியூப் என்ற குழாயைப் பொருத்துவது நல்லது. அதன் இணைப்பில் காற்று புகுந்தால் உறிஞ்சல் பாதியில் அறுந்துவிடும்.

வால்வுக்குள் பந்துக்குப் பின்னால் சாறு தேங்கிப் புளிக்கும். கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் வால்வைத் திறந்து கொஞ்சம் சூட்டுச் சாற்றைப் பாத்திரத்தில் பிடித்து மறுபடி கெட்டிலில் ஊற்றுங்கள். சில தடவைக்கு ஒருமுறை மூன்று துண்டையும் கழற்றிக் கழுவுங்கள்.