நாயின் தோல் கட்டியைக் கைப்பேசி ஸ்கேனால் அளப்பது எப்படி?

தோட்டத்துச் சாளையில் காவலுக்கு நிற்கும் நாயின் விலாவில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், "சுண்டைக்காய் அளவு இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி 12.6 மில்லிமீட்டர் ஆனாலே அதன் கன அளவு இரட்டிப்பாகிவிடும். அந்தச் சிறிய வேறுபாட்டைக் கண்ணும் விரலும் பிடிப்பதில்லை. முப்பரிமாண ஸ்கேன் உதவுவது இங்கேதான்.

மாட்டுப்பட்டி அருகே வளரும் நாயென்றால், அந்தக் கட்டி இரத்தம் குடித்து ஊதிய உண்ணியா என்று முதலில் உற்றுப் பாருங்கள்.

2020-இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ வகைகளின் பின்பக்கத்தில் இருக்கும் லிடார் என்னும், ஒளியால் தூரம் அளக்கும் கருவி, அறை, மரம் போன்ற பெரியவற்றுக்கே ஏற்றது. சிறு கட்டிக்கு, 2017-இன் ஐபோன் எக்ஸ் முதல் முகத்தை அடையாளம் காண அகச்சிவப்புப் புள்ளிகளை வீசும் முன்பக்கக் கேமராவே மேலானது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள், கட்டியைச் சுற்றிப் பல கோணங்களில் எடுத்த படங்களை இணைத்து உருவம் அமைக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். அப்போது அளவு தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள் இருக்க வேண்டும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 ரூபாய் நாணயம் போதும். 1 ரூபாய் நாணயம் வேண்டாம், அதன் அளவு வெளியீட்டுக்கு வெளியீடு மாறியிருக்கிறது.

நேர்வெயில் அகச்சிவப்பைக் குலைத்துவிடும் என்பதால் நிழலில், நாய்க்குப் பழகிய ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, ரோமத்தைச் சீப்பால் இருபுறமும் விலக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு ரோமமும் ஈர ரோமமும் உருவத்தில் ஓட்டை விழச் செய்யும். நாய் நின்றபோது ஒருமுறையும் படுத்தபோது மறுமுறையும் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. தோல் இழுபடும்போது கட்டியின் வடிவமே மாறிவிடும். ஆகவே எப்போதும் ஒரே நிலையில், அடுத்தடுத்து மூன்று முறை எடுத்து, நடு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கன அளவு ஏறத்தாழக் கிடைக்கும்.

ஸ்கேனை நம்புவதற்கு முன் அதைச் சோதிப்பது நல்லது. கோவையில் லேத் பட்டறை இல்லாத பகுதி அரிது; அங்கே ஒரு வெர்னியர் காலிப்பரை இரவல் வாங்கி, ஒரு சிறு பந்தை இரண்டாலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அதைவிடச் சிறிய மாற்றத்தை வளர்ச்சி என்று கொள்ளக்கூடாது. மேலும், ஸ்கேன் காட்டுவது தோலுக்கு மேலே புடைத்த பகுதியை மட்டுமே. உள்ளே இறங்கிய ஆழம் அதற்குத் தெரியாது.

கட்டியை அழுத்திப் பிசைய வேண்டாம். மாஸ்ட் செல் கட்டி என்னும் புற்று வகை, தொட்டால் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட்டுச் சிவந்து வீங்கும், பிறகு தானாகவே சுருங்கும். எனவே அளவு குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக்கூடாது.

கட்டி கொழுப்பா புற்றா என்பதை ஊசியால் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் சோதனையே முதலில் உணர்த்தும். கட்டி 1 சென்டிமீட்டரை எட்டினாலோ, ஒரு மாதமாகியும் மறையாவிட்டாலோ, ஸ்கேன் பதிவுகளுடன் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெட்டை நாயின் மடிக்காம்பருகே கட்டி தெரிந்தாலோ, எந்தக் கட்டியாவது புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ, அளந்து காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.